தொட்டிச் செடிக்கும் மூச்சு வேண்டும்: பெர்லைட்டை அளவறிந்து பயன்படுத்துவோம்

(மாடித்தோட்டம் வைத்திருப்போருக்கான உரையின் எழுத்து வடிவம்)



மாடியிலும் பால்கனியிலும் செடி வளர்க்கிறவர்களிடம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். “மண்ணு ஈரமாத்தான் இருக்கு. ஆனாலும் தக்காளிச் செடி வாடி நிக்குது. என்னங்க காரணம்?” என்பார்கள். பலர் வாடலைப் பார்த்ததும் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். இரண்டு நாளில் செடி சாய்ந்துவிடுகிறது.

அந்தச் செடி தாகத்தில் சாகவில்லைங்க. மூச்சுத் திணறிச் செத்தது. இலை மட்டும் சுவாசிப்பதில்லை, வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு நடுவில் இருக்கிற காற்றிலிருந்துதான் வேர் உயிர்வாயுவை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளி முழுவதும் தண்ணீர் நிரம்பிவிட்டால் வேர் வேலை செய்யாது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதை உறிஞ்சி மேலே அனுப்ப முடியாது. அதனால்தான் ஈர மண்ணிலேயே செடி வாடுகிறது. அடுத்து அழுகல் பூஞ்சாணம் வந்து சேர்ந்துகொள்ளும்.

இதற்கு மருந்து என்று நாற்றங்கால் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் வெள்ளை வெள்ளையாக ஒரு பொருள் விற்கிறார்கள். அதுதான் பெர்லைட். சிலர் அதை உரம் என்று நினைக்கிறார்கள். சிலர் ஒரு கைப்பிடி மேலே தூவிவிட்டுப் போகிறார்கள். சிலர் பாதிக்குப் பாதி கலந்துவிட்டு, சித்திரை வெயிலில் செடி காய்கிறதே என்று வருந்துகிறார்கள். பெர்லைட் எதற்கு, எவ்வளவு, யாருக்குத் தேவையே இல்லை என்பதை இன்று பார்க்கலாம்.

தொட்டி வேறு, தரை வேறு

தோட்டத்துத் தரையில் தண்ணீர் விட்டால் அது கீழே கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். தொட்டிக்கு அடித்தளம் உண்டு. துளை இருந்தாலும், தண்ணீர் முழுவதும் அதன் வழியாக வெளியேறிவிடாது. அடிப்பகுதியில் ஒரு பட்டை அளவுக்கு மண் நனைந்தபடியேதான் இருக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை எடுங்க. தண்ணீரில் நன்றாக முக்கி, படுக்கை வாட்டத்தில் தட்டையாகப் பிடிங்க. சொட்டுச் சொட்டாக வடிந்து நின்றுவிடும். இப்போது பிழியாமல், அப்படியே நீளவாக்கில் செங்குத்தாக நிறுத்திப் பிடிங்க. மறுபடியும் தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்சும் அதேதான், தண்ணீரும் அதேதான். உயரம்தான் மாறியது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். ஒன்று, உயரம் குறைந்த தட்டையான தொட்டியில் ஈரப்பட்டையின் பங்கு அதிகம். அதனால் அதில் போடும் மண்கலவை இன்னும் காற்றோட்டமாக இருக்கவேண்டும். இரண்டு, தொட்டியின் அடியில் கருங்கல் ஜல்லியைக் கொட்டி வைத்தால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை சரியில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு இருந்த இடமும் குறைந்துபோகும். துளை வழியாக மண் வெளியே போகாமல் இருக்க ஒரு ஓட்டுத் துண்டோ கொசுவலைத் துண்டோ போதும்.

ஆக, அடியில் எதைப் போடுகிறோம் என்பதைவிட, மண்கலவை முழுவதும் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். பெர்லைட்டின் வேலை அங்கேதான்.

பெர்லைட் என்றால் என்ன?

பெர்லைட் என்பது எரிமலைக் குழம்பு குளிர்ந்து உருவான ஒருவகைக் கண்ணாடிப் பாறை. துருக்கி, கிரேக்கம், சீனா, அமெரிக்கா போன்ற நாடுகளில் பெருமளவில் தோண்டி எடுக்கப்படுகிறது. அந்தப் பாறைக்குள் 2 முதல் 5 விழுக்காடு வரை தண்ணீர் அடைபட்டிருக்கும். அதைப் பொடித்து, ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலையில் போடும்போது, உள்ளே இருக்கிற நீர் ஆவியாகிப் பாறையை உப்பவைக்கிறது. சட்டியில் சோளம் பொரிவது போலத்தான். கல்லாக இருந்தது, பல மடங்கு பெருத்து, வெள்ளைப் பொரியாக வெளியே வருகிறது.

தோட்டத்துக்கு விற்கும் பெர்லைட் ஒரு லிட்டர் அளவுக்குச் சுமார் 100 கிராம்தான் இருக்கும். அதன் மேற்பரப்பில் உள்ள சின்னச் சின்னக் குழிகளில் கொஞ்சம் ஈரம் நிற்கும். துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்று நிற்கும். அமிலத்தன்மையும் இல்லை, காரத்தன்மையும் இல்லை, நடுநிலையானது. மக்காது, நாறாது.

அதேபோல ஊட்டமும் கிடையாது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எதுவும் அதில் இல்லை. நாம் விடுகிற உரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையும் இல்லை. செடிக்குச் சோறு போடுவது பெர்லைட்டின் வேலை இல்லை. சோறு போடுகிற மண்ணுக்குள் ஜன்னல் திறந்துவிடுவதுதான் அதன் வேலை.

கடையில் இதன் பக்கத்திலேயே வெர்மிகுலைட் என்று இன்னொன்றும் இருக்கும். பெயர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிப்பதால் குழப்பம் வருகிறது. வெர்மிகுலைட் பழுப்பும் பொன்னிறமும் கலந்து, ஏடு ஏடாக மின்னும். அது தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றோட்டம் வேண்டுமென்றால் பெர்லைட், ஈரப்பிடிப்பு வேண்டுமென்றால் வெர்மிகுலைட். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடாதீங்க.

தெர்மாகோல் உருண்டையோ என்றும் சிலருக்குச் சந்தேகம் வரும். விரலிடுக்கில் வைத்து நசுக்கிப் பாருங்க. தெர்மாகோல் அமுங்கி மறுபடி எழும்பும். பெர்லைட் நறநறவென்று பொடியாகும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

உங்கள் மண்கலவைக்குப் பெர்லைட் தேவையா என்பதைக் கடைக்காரரைக் கேட்பதைவிட, கலவையையே கேட்டுவிடலாம். பழைய 2 லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்று, அளவுக் குவளை ஒன்று, கைபேசியில் கணிப்பான். இவ்வளவுதான் தேவை.

1. புட்டியின் தோள்பட்டைப் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்க. அதில் விளிம்பு வரை எத்தனை மில்லி தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்க. 1,500 மில்லி என்று வைத்துக்கொள்வோம்.

2. தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியில் ஐந்தாறு துளை போட்டு, தண்ணீர் ஒழுகாத அளவுக்குப் பட்டையான டேப்பை ஒட்டுங்க.

3. லேசாக ஈரமாக்கிய மண்கலவையை நிரப்பி, தரையில் இரண்டு தட்டு தட்டுங்க. கையால் அழுத்த வேண்டாம்.

4. மேலே தண்ணீர் மினுங்கும் வரை மெதுவாக ஊற்றுங்க. பத்து நிமிடம் பொறுத்து, உள்வாங்கியிருந்தால் மறுபடி ஊற்றுங்க. பிறகு டேப்பை எடுத்து வடியவிடுங்க. இது முதல் சுற்று. இதை அளக்கவேண்டாம்.

5. மறுபடி டேப்பை ஒட்டி, அதேபோல நிரப்புங்க. இந்த முறை அடியில் பாத்திரம் வைத்து, டேப்பை எடுத்து, அரைமணி நேரம் வடிவதைப் பிடித்து அளங்க.

வடிந்த தண்ணீரின் இடத்தில்தான் இனிக் காற்று புகும். அந்த அளவைப் புட்டியின் கொள்ளளவால் வகுத்து 100ஆல் பெருக்குங்க. 1,500 மில்லிப் புட்டியிலிருந்து 120 மில்லி வடிந்தால் 8 விழுக்காடு. 270 மில்லி வடிந்தால் 18 விழுக்காடு.

10 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் அந்தக் கலவை மழைக்காலத்தில் வேரைத் திணறடிக்கும். 10 முதல் 20 வரை என்றால் பெரும்பாலான காய்கறிகளுக்குப் போதும். 25க்கு மேலே போனால் நல்லதுதான், ஆனால் தண்ணீர் அடிக்கடி விடவேண்டும். வீட்டுச் சோதனை என்பதால் ஒன்றிரண்டு விழுக்காடு முன்னே பின்னே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

உங்கள் கலவை ஏற்கெனவே 15 விழுக்காடு காட்டினால், பெர்லைட் வாங்கவே தேவையில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல மண்புழு உரம் வாங்குங்க. தென்னை நார்க் கழிவை நிறையச் சேர்த்துக் கலந்த புதுக் கலவைகளில் பல இப்படித்தான் இருக்கும். செம்மண் அதிகமான கலவையும், இரண்டு மூன்று பருவம் பயன்படுத்தி நார் மக்கிப்போன பழைய கலவையும்தான் பொதுவாகத் தோற்கும்.

எவ்வளவு கலப்பது?

எப்போதும் எடையால் அளக்காதீங்க, கொள்ளளவால் அளங்க. ஒரே வாளி, ஒரே மக். பெர்லைட் பொரி மாதிரி லேசானது. கிலோக் கணக்கில் கலந்தால் கணக்கு தப்பும். வாங்கும்போதும் “எத்தனை லிட்டர்?” என்று கேளுங்க.

குரோ பேக்கில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை: தென்னை நார்க் கழிவு 5 பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழுவுரம் 3 பங்கு, பெர்லைட் 2 பங்கு.

குழித்தட்டில் நாற்று: தென்னை நார்க் கழிவு 3 பங்கு, வெர்மிகுலைட் 1 பங்கு, பெர்லைட் 1 பங்கு. நாற்றுக்குப் பொடி ரகம் சரி.

குச்சி நட்டு வேர்பிடிக்க வைப்பதற்கு: தென்னை நார்க் கழிவும் பெர்லைட்டும் சரிபாதி. வேர் விட்டதும் ஊட்டமுள்ள கலவைக்கு மாற்றிவிட வேண்டும்.

அடினியம், கள்ளி, சோற்றுக்கற்றாழை: கலவையில் ஏறத்தாழ பாதி பெர்லைட், செங்கல் துண்டு போன்ற மக்காத பொருளாக இருக்கலாம்.

கீரை வகை: நார்க் கழிவும் மக்கிய உரமும் உள்ள கலவை என்றால் பெர்லைட் இல்லாமலே வரும். போட்டாலும் பத்தில் ஒரு பங்கு போதும்.

15 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள வட்ட வடிவக் குரோ பேக் ஏறத்தாழ 40 லிட்டர் பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 8 லிட்டர் பெர்லைட். ஆறு பைக்கு 48 லிட்டர். 12 அங்குலப் பை என்றால் சுமார் 20 லிட்டர், அதற்கு 4 லிட்டர் போதும். நார்க் கழிவுக் கட்டி ஒரு கிலோ ஊறினால் 12 முதல் 15 லிட்டர் வரை வரும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனால் கூடுதலாகவும் வாங்கமாட்டீங்க, குறைவாகவும் வாங்கமாட்டீங்க.

“எங்கிட்ட களிமண்ணுதான் இருக்கு, ஒரு கைப்பிடி போட்டா சரியாகிடுமா?” என்று கேட்பார்கள். ஆகாதுங்க. சப்பாத்தி மாவில் நாலு வேர்க்கடலை போட்டுப் பிசைந்தால் மாவு உதிரியாகிவிடுமா? கடலையைச் சுற்றி மாவுதான் ஒட்டிக்கொள்ளும். களிமண்ணில் கொஞ்சமாகப் போட்ட பெர்லைட்டும் அப்படித்தான். காற்று போகும் வழி ஒன்றோடொன்று தொடராது. தொட்டிக்குக் களிமண்ணையே தவிர்த்துவிட்டு, நார்க் கழிவும் மக்கிய உரமும் சேர்த்த கலவைக்கு வருவதுதான் முதல் வேலை. பெர்லைட் அதற்கப்புறம்தான்.

கலக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை

பெர்லைட் மூட்டையைத் திறந்ததும் வெள்ளைத் தூசு பறக்கும். அது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். மூடிய அறையில் கலக்காதீங்க. மூட்டையின் வாயை லேசாகத் திறந்து, உள்ளே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, குலுக்கிவிட்டு, பிறகு கொட்டுங்க. முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்க. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அந்த நேரம் பக்கத்தில் இருக்கவேண்டாம்.

வாங்கும்போது மணி மணியாக, 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை உள்ள ரகமாகப் பாருங்க. மூட்டையின் அடியில் தங்கும் மாவு போன்ற தூளைக் கலவையில் சேர்க்கவேண்டாம். காற்றுப் போகவேண்டிய சந்துகளை அந்தத் தூளே அடைத்துவிடும்.

தென்னை நார்க் கழிவை ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்துவிடுங்க. அதில் உப்பு இருந்தால் இலை ஓரம் கருகும். பிறகு எல்லாவற்றையும் ஈரமாக வைத்தே கலந்து, பையில் நிரப்புங்க. காலால் மிதிப்பது, கட்டையால் இடிப்பது எல்லாம் வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய காற்றை நாமே வெளியேற்றுவது போல ஆகிவிடும். விளிம்பிலிருந்து நாலு விரல் இடம் விடுங்க.

பெர்லைட் மிதக்கும். வேகமாகத் தண்ணீர் ஊற்றினால் மணிகள் மேலே வந்து, வழிந்தும் போய்விடும். பூவாளியால் மெதுவாக விடுங்க. மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ இரண்டு விரல் உயரத்துக்கு மூடாக்குப் போடுங்க. மழைக்கும் அது தடுப்பு, வெயிலுக்கும் அது குடை. மேலே வந்த மணிகளில் பச்சை படிந்தால் அது பாசிதான், செடிக்குக் கெடுதல் இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து “யூரியா போட்டிருக்கீங்களா?” என்றோ, “பூச்சி முட்டையா?” என்றோ கேட்பார்கள். சிரித்துவிட்டுச் சொல்லிக்கொடுங்க.

நம் ஊர்ப் பருவமும் பெர்லைட்டும்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாக வருகிறது. தொடர்ந்து நாலு நாள் பெய்தால் தொட்டி மண் காய வாய்ப்பே இல்லை. அதனால் ஆடிப்பட்டத்துக்குப் பை நிரப்பும்போதே ஐப்பசி மழையையும் நினைத்துக் கலக்கவேண்டும்.

அதே மாடியில் மே மாதக் கத்திரி வெயிலும் அடிக்கும். அப்போது பெர்லைட் அதிகமான பை சீக்கிரம் காயும். மழையை நினைத்து மூன்றில் ஒரு பங்கு கலந்தால், கோடையில் காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விடவேண்டி வரும். ஐந்தில் ஒரு பங்கு என்று சொன்னதற்கு இதுதான் காரணம். இரண்டு பருவத்துக்கும் நடுவில் நிற்கிற அளவு அது. வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லும் விகிதம் அவர்கள் ஊர் குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்றது. அதை அப்படியே நம் மொட்டை மாடிக்குக் கொண்டுவர வேண்டாம்.

உரத்தையும் இதற்கேற்ப மாற்றவேண்டும். பெர்லைட் சத்தைப் பிடித்து வைக்காது என்பதால், ஒரே நாளில் நிறையப் போட்டால் மழையோடு துளை வழியாகப் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்க. பஞ்சகவ்யம் தெளிப்பதென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே செடி வாடினால் என்ன செய்வது? மேலே பெர்லைட் தூவிப் பயனில்லை. முதலில் தொட்டிக்கடியில் உள்ள தட்டை எடுத்துவிடுங்க. குச்சியால் வடிகால் துளையைக் குத்தித் திறங்க. தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றிவையுங்க. துளை பக்கவாட்டில் இருந்தால் அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்துவையுங்க. ஸ்பாஞ்சை நிமிர்த்தினதும் தண்ணீர் கொட்டியது நினைவிருக்கிறதா? அதே வேலைதான் இங்கேயும் நடக்கும். மழை விட்டதும் ஒரு ஓரத்தில் மண்ணைக் கிளறி வேரைப் பாருங்க. வெள்ளையாக, உறுதியாக இருந்தால் செடி பிழைக்கும். பழுப்பாகக் கொழகொழவென்று நாற்றமடித்தால் அழுகல் வந்துவிட்டது. அந்தச் செடியை எடுத்துவிட்டு, மற்றத் தொட்டிகளைக் காப்பாற்றுங்க.

மாடி தாங்குமா?

இது பலரும் கேட்க மறக்கிற கேள்வி. ஆட்கள் நடமாடும் தட்டையான கூரைக்கு, ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி, கட்டடத்தின் சொந்த எடை நீங்கலாக ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன் சுமையைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அதாவது ஏறத்தாழ 150 கிலோ.

நனைந்த தோட்டத்து மண் ஒரு லிட்டர் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். 40 லிட்டர்ப் பை ஒன்று 60 கிலோ. ஒரு சதுர மீட்டரில் நாலு பை வைத்தால் 240 கிலோ. மழை நாளில் இது இன்னும் கூடும். அதே பையில் நார்க் கழிவு, மண்புழு உரம், பெர்லைட் கலவை இருந்தால், நனைந்த பிறகும் 30 முதல் 40 கிலோவுக்குள்தான் வரும். கிட்டத்தட்ட பாதிச் சுமை. செடிக்கு மூச்சு கொடுக்கிற கலவை, வீட்டுக் கூரைக்கும் பாரம் குறைக்கிறது.

அப்படியும் எல்லாப் பைகளையும் மாடியின் நடுவில் கூட்டி வைக்காதீங்க. கீழே சுவர் அல்லது உத்தரம் வருகிற ஓரங்களில் வரிசையாக வையுங்க. பழைய வீடு, விரிசல் விட்ட கூரை, நீர்க்கசிவு இருக்கிற கூரை என்றால், பை வாங்கும் முன் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்க.

பெர்லைட்டுக்குப் பதிலாக

எல்லா ஊரிலும் பெர்லைட் கிடைக்காது, எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். காற்றோட்டம்தான் தேவை, பெயர் முக்கியமில்லை.

டெல்டா மாவட்டங்களில் அரிசி ஆலைப் பக்கம் நெல் உமி தாராளமாகக் கிடைக்கும். அதைக் கருக்கிய உமிக்கரி லேசானது, நல்ல காற்றோட்டம் தரும். முழுக்க எரிந்து வெளுத்த சாம்பல் வேண்டாம், கறுப்பாக உருக்குலையாமல் இருப்பதை எடுங்க. கொஞ்சம் காரத்தன்மை இருக்கும் என்பதால் தண்ணீரில் அலசிவிட்டுச் சேருங்க. தேங்காய் மட்டையை விரல்நுனி அளவுக்கு நறுக்கி, அலசிப் போடலாம். அது ஒன்றிரண்டு ஆண்டில் மக்கிவிடும். உடைத்த செங்கல் துண்டு நல்லதுதான், எடை அதிகம். தரையில் வைக்கும் தொட்டிக்கு அது சரி. எம்-சாண்ட் தூளும் சல்லடையில் சலித்த பொடி மணலும் வேண்டாம். அவை மண்ணை இறுக்கிவிடும். எதைச் சேர்த்தாலும் புட்டிச் சோதனையை ஒருமுறை செய்து, எண்ணைப் பாருங்க.

பெர்லைட் ஒரு பருவத்தோடு தீர்ந்துபோகிற பொருளும் இல்லை. அறுவடை முடிந்ததும் மண்ணைக் காயவைத்து, வேரைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மக்கிய உரம் சேர்த்து மறுபடி பயன்படுத்தலாம். நாளாக ஆக மணிகள் நொறுங்கும். சோதனையில் எண் குறைந்தால் அப்போது கொஞ்சம் புதிதாகச் சேர்த்தால் போதும். வேரழுகலோ நூற்புழுவோ வந்த மண்ணை நேராகப் பயன்படுத்தாதீங்க. ஈரமாக்கி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, கோடை வெயிலில் நாலு முதல் ஆறு வாரம் வைத்து எடுங்க.

கைபேசியில் கிடைக்கும் உதவி

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை, மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கி வந்திருக்கிறது. குரோ பேக், தென்னை நார்க் கட்டி, காய்கறி விதை, உயிர் உரங்கள், வேப்ப எண்ணெய் போன்றவை அந்தத் தொகுப்பில் இருக்கும். பெர்லைட் அதில் வருவதில்லை. தொகுப்பில் உள்ள பொருள்களும் விலையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், துறையின் இணையதளத்திலோ உழவன் செயலியிலோ அன்றைய நிலையைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்க. உழவன் செயலியில் வானிலை முன்னறிவிப்பும் இருக்கிறது. மழை வருமென்று தெரிந்தால் முதல் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்தி, துளைகளைச் சரிபார்த்துவிடலாம்.

சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம். கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551. தமிழிலேயே பேசலாம். கேட்பதற்கு முன் கைபேசியில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க: முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தொட்டியின் வடிகால் துளை. கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள், கலவையில் என்னென்ன சேர்த்தீர்கள், புட்டிச் சோதனையில் எத்தனை விழுக்காடு வந்தது என்பதையும் குறித்து வையுங்க. “செடி வாடுது” என்று மட்டும் சொன்னால் கிடைக்கிற பதிலுக்கும், இத்தனை விவரத்தோடு கேட்டால் கிடைக்கிற பதிலுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்க. வீட்டில் இருக்கிற பழைய புட்டி ஒன்றை எடுத்து, உங்கள் தொட்டி மண்ணைச் சோதித்துப் பாருங்க. 10க்குக் கீழே வந்தால், அடுத்த மழைக்கு முன் கலவையை மாற்றுங்க. 15 வந்தால், பெர்லைட் விளம்பரத்தைக் கடந்து போய்விடுங்க. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டபின் எதை வாங்கினாலும் காசு வீண் போகாது.